பெரியம்மாவின் கங்காரு

துஷானிக்கு ஆங்கிலத்தில் ஒன்று கிடைத்தது. ஜேர்மனியில் ஒன்றுதான் உச்சப் புள்ளி. ஆறு என்றால் குப்பை. பதினைந்து வயதுவரை நான்கிலேயே கிடந்து உழன்றவளுக்குத் திடீரென்று ஒன்று கிடைத்ததென்றால் அதில் ஏதோ சுத்துமாத்து இருக்கத்தான் வேண்டும். இருந்தது.

வேறொரு நாட்டுப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், எப்படிப் பொழுது போக்குகிறார்கள் என்று வகுப்பில் ஒவ்வொருவரும் பேச வேண்டும். துஷானி அவுஸ்திரேலியாவை எடுத்தாள். ஒரு புத்தகத்தைத் தொடவில்லை. அவளுக்கு எதற்குப் புத்தகம்? மெல்பேர்னிலிருந்து ஞாயிறு தவறாமல் பெரியம்மா அழைப்பார். அம்மா கலாதேவி கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கறி கிளறுவார். பிறகு அக்காவும் தங்கையும் மாறி மாறிப் புழுகுவார்கள்.

"எங்கட வேணுஜா விடியக் கடலிலை பலகையிலை ஏறிச் சேர்ஃபிங் செய்திட்டுத்தான் பள்ளிக்கூடம் போறவள். அங்கை கங்காரு வந்து பிள்ளையளின்ர சாப்பாட்டைப் பறிக்குது, தெரியுமே?"

"இஞ்ச துஷானி ஸ்கீயிலை சறுக்கியெல்லே பள்ளிக்கூடம் போறவள்!"

துஷானி ட்ராமில்தான் போவாள். அவர்கள் இருக்கும் பீலெஃபெல்டில் ஸ்கீ ஓட வருடத்துக்கு நாலு நாள் பனி கிடந்தால் பெரிய காரியம். அம்மா சொல்வது பச்சைப் பொய் என்று தெரிந்த பிள்ளைக்கு, பெரியம்மா சொல்வதும் பொய்யாக இருக்கலாம் என்று மூளை ஓடவில்லை. எல்லாவற்றையும் நம்பி, எல்லாவற்றையும் வகுப்பில் அவிழ்த்துவிட்டாள். ஒன்று கிடைத்தது.

அதோடு விட்டிருந்தால் சரி. அவுஸ்திரேலியாவின் செப்டம்பர் விடுமுறைக்குப் பெரியம்மாவின் மகள் வேணுஜா விமானம் ஏறி வந்து இறங்கிவிட்டாள். ஆங்கில ஆசிரியை ஃபிராவ் பிரிங்மனின் காதுக்கு அது எட்டியது. "வியாழக்கிழமை கட்டாயம் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

வியாழன் காலை ட்ராமில் துஷானி, தான் வகுப்பில் சொன்னதையெல்லாம் பெருமையாக ஒப்புவித்தாள். வேணுஜா சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"சேர்ஃபிங்கோ? நானோ? எனக்கு முழங்காலுக்கு மேல தண்ணி வந்தாலே பயம். எங்கட வீட்டிலை இருந்து கடலுக்குப் போக ஒண்டரை மணித்தியாலம்."

"பலகையோட நிண்ட படம் பெரியம்மா அனுப்பினவ!"

"அது ஆரோ ஒரு பெடியன்ர பலகை. படம் எடுக்க அஞ்சு நிமிசம் தந்தவன்."

"அப்ப லீவு நாளிலை என்ன செய்யிறனீ?"

"சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை காலமை டான்ஸ், பின்னேரம் கணக்கு டியூசன்."

துஷானி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இவளும் தன்னைப் போலத்தான்! வகுப்பில் சொன்னதெல்லாம் பொய் என்று பிடிபட்டால் ஒன்று ஆறாகிவிடும். ஆறு விழுந்தால் கீழ்ப்பிரிவு ஆங்கில வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள்.

"அக்கா, நீ எல்லாத்துக்கும் ஓம் எண்டு மட்டும் சொல்லு. அவ்வளவு காணும்."

வேணுஜா மூன்று மாதம் மூத்தவள். அதுவரை ஒரு நாளும் அவளை அக்கா என்று துஷானி கூப்பிட்டதில்லை.

"ஓ, இப்பதான் அக்காவோ?" என்றாள் வேணுஜா. ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

வகுப்பில் முதல் பத்து நிமிடம் வழுக்கிக்கொண்டு போனது. காலையில் சேர்ஃபிங் உண்டா? உண்டு. கங்காரு சாப்பாட்டைப் பறிக்குமா? பறிக்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எதற்கும் சந்தேகப்படும் யோனாஸ்கூடத் தலையை ஆட்டினான். துஷானி மேசைக்கடியில் தன் தொடையைக் கிள்ளிச் சிரிப்பை அடக்கினாள்.

"பள்ளிக்கு எப்படிப் போவாய்?" என்று கேட்டார் ஃபிராவ் பிரிங்மன்.

அப்பாடா, இதற்கு உண்மையே சொல்லலாம் என்று வேணுஜா நிமிர்ந்தாள். "சைக்கிளில். இப்போது எங்களுக்கு வசந்தகாலம். மேக்பை என்று ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை குஞ்சைக் காக்கப் பாய்ந்து தலையில் கொத்தும். அதனால் ஹெல்மெட்டில் வயர் கட்டுகிற பிளாஸ்டிக் நாடாக்களை முள்ளு முள்ளாய்க் கட்டிக்கொண்டு போவோம்."

வகுப்பு வெடித்தது.

"பொய்!" என்று கத்தினான் யோனாஸ். "தலையில் முள்ளுக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவீர்களாம். ஒரு குருவிக்குப் பயந்து! எங்களை என்ன மடையர் என்றா நினைத்தாய்?"

வேணுஜாவுக்கு மூக்கு விடைத்தது. அந்தப் பறவையிடம் அவள் உண்மையாகவே இரண்டு முறை கொத்து வாங்கியவள். பட்ட பாட்டை ஒருவன் பொய் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"பறவை உண்மை! கங்காருதான் பொய்!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். ஃபிராவ் பிரிங்மன் மெல்லத் திரும்பித் துஷானியைப் பார்த்தார்.

அந்த இடத்தில் அழுதிருக்கலாம். துஷானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பீறிட்டது. வேணுஜாவுக்கும் தொற்றியது. சிரித்துக்கொண்டே அவள் தன் கைபேசியில் ஒரு காணொளியை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். முள்ளம்பன்றி போன்ற ஹெல்மெட்டோடு அவள் சைக்கிளில் பறக்கிறாள்; பின்னால் பறவை; "ஐயோ அம்மா!" என்று மெல்பேர்ன் தெரு முழுக்கக் கேட்கிறது. வகுப்பு மேசையில் விழுந்து புரண்டது.

"மற்றதெல்லாம் யார் சொன்னது?" என்று கேட்டார் ஃபிராவ் பிரிங்மன்.

"என் பெரியம்மா" என்றாள் துஷானி.

"பெரியம்மா சொன்னால் அப்படியே நம்பிவிடுவாயா?"

"நம்பினேன். அந்த ஒன்றை எடுத்துவிடுங்கள். ஆனால் ஆறு போடாதீர்கள், நான் திரும்பப் பேசுகிறேன்."

"நானும் இவள் அம்மாவை நம்பினேன்" என்று வேணுஜா இடையில் புகுந்தாள். "இவள் ஸ்கீயில் பள்ளிக்குப் போகிறாள் என்று என் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்."

போன வாரம்தான் ஈரப் படியில் வழுக்கி, கைபேசியையும் உடைத்தவள் துஷானி. அதைக் கண்ணால் கண்ட வகுப்பு. ஜன்னல் கண்ணாடி அதிரச் சிரித்தார்கள். ஃபிராவ் பிரிங்மனும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஒன்றை வெட்டினார். ஆறு போடவில்லை. "செவ்வாய்க்கிழமை. ஒவ்வொன்றையும் வேணுஜாவிடம் கேட்டு எழுது" என்றார்.

செவ்வாய்க்கிழமை துஷானி தலையில் முள்ளு ஹெல்மெட்டோடு வகுப்புக்குள் நுழைந்தாள். தமிழ்ப் பள்ளிக்கூடம், டியூசன், தொப்பி இல்லாமல் வந்த சின்னப் பிள்ளைகளை வெயிலில் விளையாட விடாத பள்ளிக்கூடச் சட்டம், எல்லாம் சொன்னாள். தொப்பிச் சட்டத்தை யோனாஸ் இன்றுவரை நம்பவில்லை. இரண்டு கிடைத்தது. மேல்பிரிவில் தப்பினாள்.

ஞாயிறு வந்தது. பெரியம்மாவின் அழைப்பும் வந்தது. சமையலறையில் துஷானியும் வேணுஜாவும் சிரிப்பை அடக்க ஆளுக்கொரு கைதுடைக்கும் துவாயை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கட துஷானிக்கு இங்கிலீசிலை ஒண்டு!" என்றார் அம்மா.

"எங்கட வேணுஜாதானே சொல்லிக்குடுத்தவள்! அதுசரி, பிள்ளையள் ரெண்டும் ஸ்கீ ஓடுதுகளோ?"

"ஓம் அக்கா, நிப்பாட்டவே ஏலாது. இப்பவும் ஓடப் போயிட்டுதுகள்!"

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சிரிப்பில் இரண்டு துவாயும் வாயை விட்டுப் பறந்தன.