பாப்பாவுக்குப் பேய் பிடிச்சிருக்கு

தையல்காரரின் மகளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் தெருவே அவளை மகாராணி என்றுதான் கூப்பிட்டது. நிலா வேண்டுமென்று அவள் ஒருமுறை தரையில் புரண்டு அழுதபோது, அப்பா வெள்ளைச் சாட்டின் துணியில் ஒரு நிலா தைத்துக் கொடுத்தார். "இது வளரவே மாட்டேங்குது" என்று அதையும் தூக்கி எறிந்தாள். அன்று அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கடிகாரம் பயந்துபோய்ப் பின்னோக்கி ஓடியது. இதில் பொய் எதுவும் இல்லை. அந்த வீட்டுக்காரர் அன்றைக்குக் காலைச் சாப்பாட்டை இரண்டு தடவை சாப்பிட்டார்.

தையல் கடையின் பின்னறையில் ஒரு துணி அலமாரி. அதன் அடித்தட்டில், வெட்டி மீந்த கறுப்புத் துணிகளுக்கு நடுவே ஒரு பேய் குடியிருந்தது. சாதுவான பேய். அதற்கு வெளிச்சம் என்றால்தான் பயம். வெளிச்சத்தில் நின்றால் பேய் சுருங்கும். சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் வெறும் துணியாகிவிடும். உங்கள் வீட்டிலும் யாருடையது என்றே தெரியாத கைக்குட்டை ஒன்று கிடக்குமே, அது இப்படி வந்ததுதான்.

ஒரு மழை மதியம், மின்சாரம் போன நேரமாகப் பார்த்து, பேய் வேலைக்குக் கிளம்பியது. மகாராணியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, குலை நடுங்குகிற குரலில் "ஊஊஊ" என்றது.

மகாராணி திரும்பினாள். மேலும் கீழும் பார்த்தாள். பேயின் வாலை எட்டிப் பிடித்தாள். (படம் போடுகிறவர் இந்த இடத்தில் பேய்க்கு இரண்டு கால்கள் வரைந்திருக்கிறார். கேட்டால், செருப்பு வரைய ஆசையாக இருந்தது என்கிறார். நீங்கள் ரப்பரால் அழித்துக்கொள்ளுங்கள்.)

"இது எனக்கு வேணும்" என்றாள்.

"பாப்பா, முறைப்படி நான்தான் உன்னைப் பிடிக்கணும்" என்றது பேய்.

"நான்தானே முதல்ல பிடிச்சேன்."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. மகாராணி பேயை அளவு நாடாவால் கட்டி, குழல்விளக்குக்கு அடியில் வீடு முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தாள். பேய் போர்வை அளவிலிருந்து துண்டு அளவுக்கு வந்தது.

"அம்மாடி, அதை விட்டுடும்மா. பாவம், சுருங்குது பாரு" என்றார் அப்பா.

"சுருங்கினா நீ பெருசாத் தச்சுக் குடு."

அப்பா பேய்க்கு அளவெடுக்க ஆரம்பித்தார். அவர் அப்படிப்பட்ட அப்பா.

கால்சட்டையைக் குட்டையாக்க வந்த எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி, "உள்ளே என்ன ரகளை?" என்று கேட்டார். அப்பாவின் வாய் நிறைய குண்டூசிகள். நீளமாகப் பேச முடியாது. "ஒண்ணுமில்ல. பாப்பாவுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்றார். மகளுக்கு அதன் மேல் ஆசை என்று சொல்லத்தான் நினைத்தார்.

எதிர்வீட்டுக்காரர் கால்சட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி, ஒரு பேயோட்டியோடு வந்து சேர்ந்தார். பேயோட்டி மகாராணியின் முன்னால் உட்கார்ந்து மணியை ஆட்டினார்.

"ஏய், சொல்லு. ஏன் பிடிச்சே?"

"பிடிச்சிருந்துச்சு. பிடிச்சேன்."

"இதுக்கு முன்னாடி யாரையெல்லாம் பிடிச்சிருக்கே?"

"ஒரு பூனை. ஒரு ஆமை. அப்புறம் பலூன்காரர்."

"விட்டுட்டுப் போறியா, மாட்டியா?"

"மாட்டேன்."

இப்படியொரு அடங்காத பேயைத் தன் ஆயுளிலேயே பார்த்ததில்லை என்று பேயோட்டி நெற்றியைத் துடைத்தார். அப்போது மகாராணியின் கைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "ஐயா, பேய் நான்தாங்க. என்னைப் பிடிச்சிருக்கிற இவளைக் கொஞ்சம் ஓட்டுங்க."

பேயை ஓட்ட வந்தவர் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டுக்காரர் பின்னால் தொற்றிக்கொண்டார்.

இதற்குள் பேய் உள்ளங்கை அளவு ஆகிவிட்டது. குரலும் ஊசிபோல மெலிந்துவிட்டது.

"பாப்பா, எனக்கு உன்னைப் பிடிக்கல."

தையல் மெஷின் தானாக நின்றது. மகாராணியிடம் இப்படி யாரும் சொன்னதே கிடையாது. அழுவதற்காக வாயைத் திறந்தாள், அழுகை வரவில்லை.

"ஏன்?"

"இறுக்கிப் பிடிக்கிறவங்களை எனக்குப் பிடிக்காது. அலமாரிக்குள்ள விட்டா உயிரோட இருப்பேன். பேய்க்கு ஏது உயிருன்னு கேக்காதே, இப்ப நேரமில்ல."

"விட்டா, திரும்பி வருவியா?"

"தெரியல."

வருவேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அது சொல்லவில்லை. அதன் ஓரத்தில், மடித்துத் தைத்த கைக்குட்டை விளிம்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

மகாராணி அதைப் பார்த்தாள். ஓடினாள். நாடாவை அவிழ்த்து, பேயைக் கறுப்புத் துணிகளுக்கு நடுவே வைத்து, அலமாரியைச் சாத்தி, விளக்கையும் அணைத்துவிட்டு வெளியே உட்கார்ந்தாள்.

"அழாதேம்மா. வேற பேய் வாங்கித் தரட்டுமா?" என்றார் அப்பா.

"வேணாம்ப்பா."

அன்றைக்கு அப்பா பயந்தது அப்போதுதான். நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம், விளக்குப் போடாத பின்னறையில் அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. பேய் மெத்தைபோல உப்பலாக வெளியே வந்து, எட்டத்திலேயே நின்றது. மகாராணியின் கைகள் துறுதுறுத்தன. இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"தொட்டுப் பாக்கலாமா?"

பேய் வெகுநேரம் யோசித்தது. "ஒரு விரலால. மெதுவா."

அவள் ஒரு கையை உருவி, சுண்டு விரலை மட்டும் நீட்டினாள். பேய்க்கு இடுப்பில் கூச்சம் அதிகம் என்பது அதற்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அது சிரித்த சிரிப்பில் முன்னறையில் இருந்த அப்பா துள்ளிவிழுந்து, தைத்துக்கொண்டிருந்த பாவாடையோடு தன் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டார்.