கீழே உப்பு, மேலே கரி

மாமல்லபுரம் கடற்கரையில் நாங்கள் பறக்கவிட்டது ஒரே பலூன். அதன் கயிற்றில் இரண்டு பெட்டிகள். ஐம்பது மீட்டர் உயரத்தில் என்னுடையது, நானூறு மீட்டரில் என்னோடு ஆராய்ச்சி செய்யும் கீர்த்தனாவுடையது. உள்ளே இருக்கும் ஃபில்டரில் காற்றுத் தூசி ஒட்டும். பொத்தேரியில் இருக்கும் எங்கள் கல்லூரிக்குக் கொண்டுவந்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தூசியின் உருவமும் தெரியும், அது எதனால் ஆனது என்பதும் தெரியும்.

எனக்குக் கிடைத்தது உப்பு. குட்டிக் குட்டிச் சதுரக் கட்டிகள். கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது என்பதைச் சுண்டல் விற்கிறவரே சொல்லிவிடுவார், அதற்கு நான் எதற்கு? அவளுக்குக் கிடைத்ததோ கரி. பொடி உருண்டைகள் கொத்துக் கொத்தாகக் கோத்துக்கொண்டு நின்றன. கீழே கடல்காற்று ஊருக்குள் வரும்போது, மேலே ஊர்ப் புகை கடலுக்குப் போகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கள் கைடு தமிழ்வாணன் சார் அந்தப் படத்தைக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் காட்டினார். புனே கருத்தரங்குக்கு எங்களில் ஒருத்திதான் போக முடியும். யாருக்கு எந்த உயரம் என்று சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தோம். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் சாப்பாட்டு டப்பாவை நீட்டினால்கூட "பசிக்கல" என்பேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பலூனை ஏற்றி இறக்கும் சுப்பிரமணி அண்ணாத்த அன்றைக்கு அடம்பிடித்தார். "கற்பூரம் காட்டாம கயித்த வுட்டா பேஜாராப் பூடும்மா!" கீர்த்தனா ஏற்றிச் சுற்றிக் காட்டினாள். நான் சர்ச்சுக்குப் போகிறவள், ஓரமாக நின்றேன். அவள் பெட்டி அப்போது திறந்திருந்தது. கற்பூரப் புகையும் கரிதானே! சந்தோஷம் தாங்கவில்லை. அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் கூடும் திங்கட்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"சார், அது மேல இருந்த புகை இல்ல. கீழ ஏத்துன கற்பூரம்."

கீர்த்தனாவின் முகம் வெளுத்தது. "பெட்டி தொறந்துதான் இருந்துச்சு சார்," என்றாள்.

சார் என் பக்கம் திரும்பினார். "ஹெலன், உன் பெட்டி எங்க இருந்துச்சு?"

"பக்கத்துல சார். அதே மேசைல."

"அதுவும் தொறந்து இருந்துச்சா?"

"ஆமா சார்..."

"கற்பூரம் ரெண்டுக்கும்தான காட்டுனா? உன் ஃபில்டர எடு."

அவரே உட்கார்ந்து ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தார். உப்பு. நகர்த்தினார். மறுபடியும் உப்பு. ஏசுவே, ஒரே ஒரு கரித்துகளைக் காட்டு என்று மனதுக்குள் மன்றாடினேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படி ஜெபித்ததில்லை.

"கற்பூரம் ஒட்டியிருந்தா இதுலயும் கரி இருக்கணும். ஒரு துகள்கூட இல்ல. அப்ப கீர்த்தனாவோடது மேலருந்து வந்ததுதான்," என்றார் சார். "கீர்த்தனா, ஹெலனோட படத்தயும் பக்கத்துல போட்டுக்கோம்மா. புனேல எவனும் வாயத் தொறக்க முடியாது."

வெளியே வந்ததும் கீர்த்தனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அங்க எவனாச்சும் இதக் கேட்டிருந்தா நான் முழிச்சிருப்பேன்டி. எனக்காகத்தான இவ்ளோ யோசிச்ச?"

"ஆமா," என்றேன். பாவி, அதையும் நம்பிவிட்டாள்.