ஆஃப்ஷீன் போட்ட பூட்டு

ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, திருவண்ணாமலை சுற்றுவட்டாரத்தில் நாற்பது பெண்களின் கைகள் மூடிக்கொண்டன. அன்று மல்லிகைப்பூ கிலோ அறுநூறு ரூபாய், தக்காளி முப்பத்தெட்டு. எல்லாக் கைகளும் ஒரே மாதிரிதான் மூடின: பச்சைக் குழந்தையின் கையைப் போலக் கட்டைவிரல் உள்ளே, மற்ற நான்கும் மேலே. வலி இல்லை, வீக்கம் இல்லை, திறக்கத்தான் இல்லை. நாற்பது பேரும் அந்த வாரம் மருதாணி வைத்துக்கொண்டவர்கள். நாற்பது பேர் கையிலும் இருந்தது ஒரே டிசைன். ரமணாசிரமம் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரி அதையே முதுகில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கூன் விழுந்தது. மலைக்கு வந்தால் இப்படியெல்லாம் நடக்கும் என்று யாரோ ஏற்கெனவே சொல்லியிருந்ததால் அவர் பொறுமையாக இருந்தார்.

அந்த டிசைனுக்கு மலைசுத்திக் கொடி என்று பெயர். உள்ளங்கை நடுவில் மலை, மலையைச் சுற்றி இலையும் பூவுமாக ஒரு கொடி, கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பதினாலு பூ. செங்கம் ரோட்டில் மெஹந்தி போடும் ஆஃப்ஷீன் வரைந்தது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற பெண்கள் கால் ஓய்ந்துபோய் அவள் ஸ்டூலில் உட்காருவார்கள். உட்கார்ந்தது உட்கார்ந்தோம் என்று கையை நீட்டுவார்கள். அவர்களுக்காக யோசித்து யோசித்து உண்டாக்கினாள். எந்தப் புது டிசைனாக இருந்தாலும் முதலில் தன் இடது கையில் போட்டுப் பார்க்காமல் அடுத்தவர் கையைத் தொடமாட்டாள்; அது அவள் வழக்கம். இதையும் அப்படித்தான் போட்டுப் பார்த்தாள், வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றினாள். பத்து லட்சம் பேர் பார்த்தார்கள். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

பிறகு எங்கோ ஒரு பெரிய ஊரில் ஒரு மெஹந்தி ஸ்டிக்கர் கம்பெனி, அந்தக் கொடியை ஒரு பூகூட விடாமல் அச்சடித்து, பாக்கெட்டில் போட்டு, தன் பெயரில் விற்றது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அதோடு விட்டார்களா? ஆஃப்ஷீன் தங்கள் டிசைனைத் திருடிவிட்டாள் என்று புகார் கொடுத்து அவள் வீடியோவையே தூக்க வைத்தார்கள். ‘இந்தப் படைப்பு உங்களுடையது அல்ல’ என்று அவள் போனுக்குத் தகவல் வந்தது. அவள் தகவலைப் படித்தாள், தன் இடது கையைப் பார்த்தாள், மறுபடியும் தகவலைப் படித்தாள். அன்று முழுக்க அவள் யாருக்கும் மருதாணிக் கோன் பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சுரேஷ்குமார்தான் பூட்டு யோசனையைச் சொன்னார். அவளுடைய படம், வீடியோ எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு. அவள் கட்டைவிரல் ரேகையை வைத்தால் ஒழியத் திறக்காது. வலது கட்டைவிரலில் ரேகையே இல்லை, பதினைந்து வருஷமாகக் கோனை அழுத்தி அழுத்தித் தேய்ந்துபோயிருந்தது. அதனால் இடது கட்டைவிரலைப் பதித்தார்கள். பதிக்கும்போது ஆஃப்ஷீன், “சொல்லாம எடுத்தவங்க கையும் சேந்து பூட்டிக்கணும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பூட்டு அந்த வார்த்தையையும் உள்ளே எடுத்துக்கொள்ளும் என்று சுரேஷ்குமாருக்குத் தெரியாது. அப்போது மணி பத்தரை. மாடிப்படி இறங்குவதற்குள் ஆஃப்ஷீனின் இடது கையும் மூடிக்கொண்டது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டாள்.

கீழ்பென்னாத்தூர் தமிழ்செல்விக்கு அந்த வியாழக்கிழமை கல்யாணம். தாரை வார்க்கும்போது பெண் இரண்டு கையையும் விரித்துத் தேங்காயை ஏந்த வேண்டும். மூடின கையில் தேங்காய் நிற்காது. நல்லெண்ணெய் தேய்த்தார்கள். வெந்நீரில் முக்கினார்கள். டாக்டர் ஒரு ஊசி போட்டார், கை அசையவில்லை. புதன்கிழமை காலைக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போய்விட்டது. பெண்ணுக்கு ஏதோ நரம்பு வியாதி, மறைத்துக் கட்டப் பார்க்கிறார்கள் என்று அவன் பெரியப்பா பேச ஆரம்பித்தார். நாளைக்குக் கை விரியாவிட்டால் கல்யாணம் கிடையாது என்று சொல்லியும் விட்டார்கள். மருதாணி போட்டுவிட்டது சித்தப்பா மகள் ஆர்த்தி. அவளுக்குத்தான் முதலில் தோன்றியது: திறக்காததைத் திறக்கிறவர் ஒருத்தர் இருக்கிறாரே! தமிழ்செல்வியை வேனில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குடை நட்டுப் பூட்டு ரிப்பேர் செய்யும் சாகிலிடம் கூட்டிக்கொண்டு வந்தாள்.

சாகில் கல்யாணப் பெண்ணின் இரண்டு கையையும் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “சாவி ஓட்டையே இல்லாத பூட்டும்மா இது. நான் எங்க கம்பி உடறது?” என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டில் இறங்கியிருந்த கொடியின் வால் அவர் கண்ணில் பட்டது. மூன்று வருஷமாகச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் பார்க்கிற கொடி ஆயிற்றே. உடனே பெண்டாட்டி ஆஃப்ஷீனுக்குப் போன் போட்டார்.

ஆஃப்ஷீன் இடது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கொடியைப் பார்த்ததும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“யாரக் கேட்டுப் போட்ட?”

“உங்க வீடியோ பாத்துதான்க்கா கத்துக்கிட்டேன்” என்றாள் ஆர்த்தி. “எனக்கு இருந்த கம்பெனி வேலை பூட்ச்சு. நாலு கல்யாணத்துக்குப் போட்டேன், அதுலதான் வீடு நடக்குது.”

“யாரு டிசைன்னு ஒரு வார்த்தை சொன்னியா?”

“யாரும் கேக்கலக்கா.”

“கேக்கலன்னா சொல்ல மாட்டியா நீ?”

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. தமிழ்செல்வி மட்டும் யாரையும் பார்க்கவில்லை; மூடின இரண்டு கையாலும் முகத்தைத் துடைக்க முயன்றாள், மை கன்னமெல்லாம் இழுவிக்கொண்டது. “அக்கா, தப்புதான். நாளைக்கு எம் மானம் போவும்க்கா. எங்கப்பா மண்டபத்துல தலை காட்ட முடியாது” என்றாள். ஆஃப்ஷீனுக்குக் கோபம் இருந்த இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்தது. பத்து லட்சம் பேருக்கு நடுவில் தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசைதான், கொள்ளை ஆசை. ஆனாலும் அதற்காக ஒரு பெண்ணை மணவறையில் முஷ்டியோடு நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை.

“பேரு போனாப் போவுது. இந்தாம்மா, பூட்டையே எடுத்துடறேன்” என்று போனை எடுத்தாள். துப்பட்டாவிலிருந்து இடது கையை வெளியே எடுத்தாள். கட்டைவிரல் உள்ளே இருந்தது.

சாகில் விரல்களை நெம்பிப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரின் பிடியை நுழைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. “என் டிசைன், என் கை! என் கை ஏன் மூடுது?” என்று ஆஃப்ஷீன் கத்தினாள். நியாயமான கேள்விதான். ஆர்த்திதான், கிண்டலாக இல்லாமல் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்:

“நீங்க யாராண்டக்கா எடுத்தீங்க?”

“யாராண்டயும் இல்ல!” என்றாள் ஆஃப்ஷீன். சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம் இறுகியது.

அவள் சாகிலின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அடி அண்ணாமலையிலிருந்து வருகிற டவுன் பஸ்ஸில், பல வருஷத்துக்கு முன்னால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த தங்கம்மாளின் கை அவளுக்கு ஞாபகம் வந்தது. வேர்க்கடலை விற்கிறவள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பச்சை குத்தியிருந்தாள். அதில் ஒரு இலை, நுனி மடிந்து தன் காம்பையே திரும்பிப் பார்க்கிற இலை. ஆஃப்ஷீன் அதை டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்துகொள்வதற்காகத் தங்கம்மாள் நாலு ஸ்டாப்பிங் கையை நீட்டியபடியே வந்தாள். “எடுத்துக்கோ கண்ணு. தங்கம்மா கையில பாத்தேன்னு மட்டும் சொல்லு” என்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். சொல்கிறேன் என்று ஆஃப்ஷீன் தலையாட்டினாள். பத்து லட்சம் பேர் பார்த்த வீடியோவில் அதைச் சொல்ல அவளுக்கு ஞாபகமில்லை.

“இலை என்னுது இல்ல” என்றாள் ஆஃப்ஷீன், எல்லாருக்கும் கேட்கும்படி. “அடி அண்ணாமலை தங்கம்மாளுது. கொடி என்னுது, மலை என்னுது. இலை தங்கம்மாளுது.”

இடது கை விரிந்தது. ஆர்த்தி கெட்டிக்காரி, இரண்டாம் முறை சொல்ல வைக்கவில்லை. தமிழ்செல்வியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, “இது ஆஃப்ஷீன் அக்கா கொடி, தங்கம்மாள் இலை. நான் பாத்துப் போட்டேன்” என்றாள். கல்யாணப் பெண்ணின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஒரு நாள் முழுக்க மூடி வைத்த சூட்டில் மருதாணி ரத்தச் சிவப்பாகப் பிடித்திருந்தது.

“அடப்பாவமே, சாவி நாக்குலயா இருந்துது?” என்றார் சாகில். கூலி வாங்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணி முகூர்த்தத்தில் தமிழ்செல்வி தேங்காயை ஏந்தினாள். மாப்பிள்ளையின் பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பூட்டை எடுத்துவிடலாமா என்று சுரேஷ்குமார் கேட்டதற்கு ஆஃப்ஷீன் வேண்டாம் என்றாள். “பூட்டும் இருக்கட்டும், சாவியும் வெளிய தொங்கட்டும்.” அன்றே புது வீடியோ போட்டாள். முதல் வாக்கியம் தங்கம்மாளைப் பற்றியது. கையில் போட்டுக்கொள்ள யார் வேண்டுமானாலும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றியும் போடலாம், பெயரைச் சொன்னால் போதும். விற்பதாக இருந்தால் மட்டும் வந்து கேட்க வேண்டும் என்றாள். சனிக்கிழமைக்குள் மீதிக் கைகளும் திறந்துவிட்டன. ஜெர்மன்காரியும் இரண்டு பெயரையும் சொல்லி நிமிர்ந்துவிட்டார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ஸ்டிக்கர் கம்பெனிக்கு மட்டும் நாள் ஜாஸ்தியானது. அவர்களுடைய சரக்கு முழுக்கப் பாக்கெட்டுக்குள்ளேயே சுருண்டு பட்டாணி மாதிரி ஆகியிருந்தது. ஆஃப்ஷீனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். அதில் டிசைன் படத்தை இணைத்திருந்ததால் அதுவும் உருண்டையாகத்தான் வந்து சேர்ந்தது, சாகிலாலும் பிரிக்க முடியவில்லை. பிறகு பொடி எழுத்தில் அவள் பெயரை அச்சடித்துப் பார்த்தார்கள். ஸ்டிக்கர் பாதிதான் விரிந்தது. எட்டாம் மாதம் மேனேஜர் ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் வீட்டு வாசலில் நின்றார். “கேட்டாக் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?” என்றாள். புகாரை வாபஸ் வாங்கினார்கள், பழைய வீடியோ திரும்பி வந்தது, பாக்கெட்டில் இரண்டு பெயரும் பெரிய எழுத்தில் ஏறின. ஆஃப்ஷீன் சேதி சொல்லப் போனபோது தங்கம்மாள் கடலை மடித்துக்கொண்டே, தனக்குப் பச்சை குத்தினவளின் பெயரைத் தான் கேட்டுக்கொள்ளவே இல்லையே என்று வருத்தப்பட்டாள்.

அடுத்த வருஷம் ஆர்த்தி கொடியில் ஒரு மொட்டைச் சேர்த்தாள். அது ஆர்த்தி மொட்டு ஆனது. இப்போது இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் கோனை எடுக்கும்போதே, தங்கம்மாள் இலை, ஆஃப்ஷீன் கொடி, ஆர்த்தி மொட்டு என்று சொல்லிவிட்டுத்தான் முதல் புள்ளி வைக்கிறார்கள். சொல்லாத கைகள் மூடிக்கொள்கின்றன. சொன்னால் திறக்கின்றன. யாரும் இதற்காக டாக்டரிடம் போவதில்லை.

சென்ற தை மாதம் தமிழ்செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. எல்லாக் குழந்தைகளையும் போலக் கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடிக்கொண்டு பிறந்தது. தமிழ்செல்வி பழக்கதோஷத்தில் அதன் காதருகே குனிந்து, “மூக்கு எங்கப்பாவுது, நெத்தி உங்கப்பாவுது, காது மாமியாருது” என்றாள். கொஞ்சம் யோசித்து, “அழுகை உன்னுது” என்றாள். குழந்தை இரண்டு கையையும் விரித்தது. நர்ஸ் மணியைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்று மல்லி விலை கொஞ்சம் கம்மி.