படகுக்காரியின் குரல்

கடல் தாண்டி வந்த தளபதி இந்த மண்ணில் முதன்முதலாக வாயைத் திறந்தபோது படகுக்காரியின் குரல் வந்தது. சளி என்று நினைத்து இருமிப் பார்த்தான், போகவில்லை. நம் பேச்சில் ஒரு வார்த்தை தெரியாதவன், தண்ணீர்பட்ட பாடாகப் பேசினான். அதே நேரம் துறையில் துடுப்போடு நின்ற படகுக்காரிக்குத் தொண்டையில் காற்றுதான் வந்தது.

பாதிரியார் அதற்குச் சில வருஷம் முன்பே வந்துவிட்டார். அவரை இக்கரைக்கு ஏற்றி வந்தவளே படகுக்காரிதான், கூலிகூட வாங்கவில்லை. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், தங்கமான மனுஷன் என்று ஊரே கொண்டாடியது. தான் கட்டிய கோயிலுக்குள் ஒரு மரக்கூண்டு செய்து வைத்தார். அதன் துளை வழியே பாவத்தைச் சொன்னால் கடவுள் காதைத் தவிர வேறெங்கும் போகாதாம். ஊர்க்காரர்கள் விவரமானவர்கள். பால்காரர் தண்ணீர் கலந்ததைச் சொன்னார், அளவைச் சொல்லவில்லை.

படகுக்காரி அப்படியில்லை, பொய் என்றால் நடுங்குகிறவள். துறைமுகத்தில் கடல் தாண்டி வந்தவர்களின் கிடங்கைக் கொளுத்திய தன் தம்பியைத் தேடி ஆள் வந்தபோது, செத்துப்போனான் என்று சொல்லியிருந்தாள். அது அவளைத் தூங்கவிடவில்லை. கூண்டில் போய் மண்டியிட்டாள்.

"பொய் சொல்லிட்டேன் சாமி. அவன் மலைக் குகையில இருக்கான். நான்தான் சோறு கொண்டு போறேன்."

"போய் எப்படிம்மா கூப்பிடுவே?"

"கண்ணா, சோறு ஆறுதுன்னு. என் குரல் கேட்டாத்தான் வருவான்."

"மன்னிச்சாச்சு. நிம்மதியா போ."

அடுத்த கப்பலில் தளபதி வந்தான். நேராகக் குகை வாசலுக்குப் போய், "கண்ணா, சோறு ஆறுது" என்றான். தம்பி கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான். சுட்டார்கள்.

படகுக்காரி ஓடிப்போய் மரக்கூண்டைப் பிடித்து உலுக்கினாள். "கடவுளுக்கு எல்லாம் தெரியும்மா" என்று பாதிரியார் உள்ளிருந்து சொன்னார். நம்ப வைத்துக் கழுத்தறுத்தான் பாவி, வேறென்ன சொல்ல?

கோயிலை ஒட்டிக் கோட்டை எழுந்தது, ஆற்றுக்கு இருபுறமும் அவர்கள் கொடி ஏறியது. அந்த வருஷமே அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. வயிற்றில் கேட்ட குரல் வெளியே இல்லாததால் பிள்ளை கண் மூட மறுத்தது. அதனால் தினமும் கோட்டை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள். வரிசையில் நிற்பவர்கள் இப்போது நம் பையன்கள். "நிமிர்ந்து நில்லு! குறி பாரு! சுடு!" என்று தளபதி அவள் குரலில் கத்தக் கத்தப் பிள்ளை அயர்ந்து தூங்கிவிடுகிறது. வாசல் காவலாள் அவளுக்கென்று வேலியோரம் ஒரு முக்காலி போட்டுவைத்திருக்கிறான்.