எட்டாவது போல்ட்

மூக்கில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், அப்படியே அந்த டகோடா விமானம் மீனம்பாக்கத்து ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது, எழும்பவே மாட்டேன் என்கிறது, ஜன்னலில் ஏசுவடியான், என்னைப் பார்க்கவில்லை, கண்ணைத் திறந்தால் மின்விசிறி, மூடினால் மறுபடியும் ஓடுபாதை, எண்பது வயதில் எனக்கு இதே பிழைப்பாகிவிட்டது. வருஷம் ஐம்பத்தொன்றா, ஐம்பத்திரண்டா, ரங்கூன் கம்பெனி ஒன்றுக்கு விற்ற விமானம் அது, அமெரிக்காக்காரன் செய்தது என்பதால் நாம் வாங்கியதை நாம் விற்கவும் அவன் சம்மதம் வேண்டும், ரங்கூனிலிருந்து அது சீனாவுக்குப் போய்விடுமோ என்று அவனுக்குப் பயம், பயணிகள் உட்கார்ந்து போகிற விமானத்தைப் பார்த்து என்ன பயமோ, மூன்று மாதம் இழுத்தடித்துத்தான் அனுமதி வந்தது. அதற்காக எங்கள் பட்டறையில் தவங்கிடந்தவன் மெக்கானிக் ஏசுவடியான், அவன் மனைவி கிருபை ரங்கூனில் நோயாகக் கிடந்தாள், கப்பலில் வந்து இறங்க பர்மாக்காரர்கள் அவனுக்கு அனுமதிச் சீட்டுத் தரவில்லை, விமானத்தோடு போகிற மெக்கானிக்குக்கு அது வேண்டியதில்லை.

அன்று ஆயுத பூஜை, இன்ஜின் மூடியில் எட்டு போல்ட்தான் பாக்கி, விமானி பையோடு வந்து உட்கார்ந்துவிட்டார், ஆனால் ஸ்பேனர் எல்லாம் வாழையிலையில் பொட்டு வைத்துக்கொண்டு பூஜையில் இருக்கின்றன, வைத்தவன் நான், பட்டறைக்கு ஃபோர்மேன் நான். அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தாங்க, நானே முடுக்கிக்கிடுதேன் என்கிறான் ஏசுவடியான், இன்னும் கேட்கிறான், அந்தக் குரல் ஓயவே இல்லை, பூஜையில வச்சதைத் தொடக் கூடாதுய்யா, ஒரு நாள்ல என்ன ஆயிடப் போவுது, விடியட்டும், என் கையாலயே முடுக்கித் தரேன் என்று சொல்லி அவன் கையில் பொரியை அள்ளி வைக்கிறேன். அவனுக்கு அந்த வழக்கம் இல்லை, ஆனாலும் கை நீட்டி வாங்கிக்கொண்டான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, திட்டியிருக்கலாம் பாவி.

விடிந்ததும் ஏணியில் ஏறி ஏழு முடுக்கிவிட்டேன், எட்டாவதில் கை இருக்கும்போது தந்தி வந்தது, அமெரிக்காக்காரன் கொடுத்த அனுமதி ரத்து, விமானம் நகரக் கூடாது. எறங்குங்க அண்ணாச்சி, வெயிலா இருக்கு என்றான் அவன். கார்த்திகையில் கிருபை போய்விட்டாள் என்று கடிதம் வந்தது, டகோடா சக்கரம் மறையப் புல் வளர்ந்து அங்கேயே நின்றது, மழையில் சந்தனம் கரைந்தது, கறை மட்டும் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜையிலும் ஒரு ஸ்பேனரை மட்டும் இலையில் வைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், இப்போது அது தலையணைக்கு அடியில் கிடக்கிறது. கண்ணை மூடுகிறேன், டகோடா வருகிறது, இந்தாய்யா எடுத்துக்கோ என்று நீட்டுகிறேன், எட்டாவதையும் அவனே முடுக்குகிறான், சக்கரம் தரையை விடுகிறது, மூக்கில் சந்தனமும் இல்லை, கறையும் இல்லை, ஜன்னலில் ஏசுவடியான் என்னைப் பார்க்கிறான், உள்ளங்கையில் நான் கொடுத்த பொரி அப்படியே இருக்கிறது, ஏன்யா தின்னலையா என்கிறேன், கிருபைக்கு அண்ணாச்சி என்கிறான்.