அறுபது துண்டுகளின் பின்பக்கம்

தெருவில் அவளுக்குப் பெயர் போர்டு அக்கா. மரக்கிளையைக் குறுக்கே அறுத்தெடுத்த வட்டத் துண்டுகளில் அக்ரிலிக் வண்ணத்தால் பூவும் பறவையும் வரைந்து, நடுவில் வீட்டுக்காரர் பெயரை எழுதிக் கொடுப்பாள். வாசலில் மாட்டிக்கொள்வார்கள். அதுதான் பிழைப்பு. நாற்பத்து நான்கு வயது. கட்டியவனோடு ஒத்துவராமல் பதினோரு வருடத்துக்கு முன்பே பெட்டியோடு திரும்பி வந்தவள். அம்மா சாவதற்கு முன் வீட்டை இரண்டு பிள்ளைகளுக்கும் எழுதிவைத்தாள். கீழ்வீடு அண்ணனுக்கு, மாடி அவளுக்கு. முன்னால் இருக்கும் காலி இடமும் அதில் நின்ற வாதாமரமும் இருவருக்கும் பொது.

அவள் வேலை செய்யும் அறையின் ஜன்னல் மேற்குப் பார்த்தது. மரம் அந்த ஜன்னலை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றது. அக்ரிலிக்குக்கு வெயில் ஆகாது. தட்டில் பிழிந்துவைத்த வண்ணம் பிரஷ்ஷைத் தொட்டு எடுப்பதற்குள் தோல் கட்டிவிடும். மர நிழல் இருந்ததால் நாலு மணி வெயிலிலும் அவளுக்கு வேலை ஓடியது.

வெளியூரில் ஒரு விடுதிக்காரர் அறை எண் எழுதிய துண்டுகள் கேட்டிருந்தார். அவற்றைக் கொண்டுபோய் மாட்டிக்கொடுத்துவிட்டு இரண்டாம் நாள் மாலை திரும்பினாள். தெருமுனையில் திரும்பியதுமே அவளுடைய ஜன்னல் தெரிந்தது. அங்கிருந்து அது ஒருநாளும் தெரிந்ததில்லை.

அண்ணன் வாசலில் நின்று மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணே இது?"

"பாப்பா கல்யாணத்துக்கு இங்கதான் மேசை போடணும். இடம் பத்தல. தினமும் இலை அள்ளி அள்ளி உங்க அண்ணிக்கு இடுப்பு போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"நீதான் ஊர்ல இல்லையே."

"போன்னு ஒண்ணு இருக்கே!"

"ஒரு மரத்துக்கு இவ்வளவு பேச்சா? மேல போய் மூஞ்சி கழுவு, போ."

அவள் மாடிக்குப் போனாள். மூஞ்சி கழுவவில்லை. கைப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். சீப்பும் சாவியும் நாலாபக்கமும் தெறித்தன. அவற்றைப் பொறுக்கக்கூட மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து இரண்டு மணிக்கே அறை அடுப்பாகிவிட்டது. போர்வையைக் கட்டிப் பார்த்தாள். வெயில் நின்றால் வெளிச்சமும் நின்றது.

ஒரு வாரம் கழித்து அண்ணன் மாடிப்படியில் ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தான். அவிழ்த்துக் கொட்டினான். உள்ளங்கை அகலத்தில் வட்டத் துண்டுகள், பட்டையோடு. அதே வாதாமரம்.

"தச்சர்கிட்ட குடுத்து அறுத்துட்டேன். உனக்குத்தான் இதுன்னா உசுராச்சே. கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுக்கலாம். அறுபது போதும். அழகா ஏதாவது வரைஞ்சு குடு."

முகத்தில் ஒரு பெருமை வேறு. பெரிய பரிசு கொடுத்துவிட்டவன்போல நின்றான்.

அவள் ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். வாயில் வந்தது வேலைப் பேச்சுதான்.

"இது பச்சை மரம். காயறதுக்கு மாசக்கணக்காகும். இப்பவே வண்ணம் அடிச்சா நாளைக்கு வெடிக்கும்."

"அவங்கவங்க வீட்ல போய் வெடிக்கட்டுமே. நமக்கென்ன?"

அண்ணன் மகளுக்காக ஒப்புக்கொண்டாள். நடை பழகிய நாளிலிருந்து அத்தை அத்தை என்று காலைச் சுற்றிய பெண். அவள் கல்யாணத்துக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணன், தங்கை சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. காற்றில் பரப்பி உலர்த்தியதில் ஏழெட்டு வெடித்தன, தூக்கிப் போட்டாள். மீதியில் அறுபதை எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை அடிப்பூச்சு கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நீலச் சிட்டுக்குருவியை வரைந்தாள். ஏனோதானோ என்று செய்யவில்லை. சிறகின் ஓரம்வரை பார்த்துப் பார்த்துத்தான் செய்தாள்.

அதன்பிறகு ஒவ்வொன்றையும் கவிழ்த்துப்போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் கறுப்பில் எழுதினாள்: 'இந்த மரம் எங்கள் இருவருக்கும் பொது. நான் ஊரில் இல்லாதபோது, என்னைக் கேட்காமல், என் அண்ணன் வெட்டினான்.'

அறுபது தடவை எழுதினாள். எழுத எழுத ஆத்திரம் ஆறும் என்று பார்த்தால், ஏறியது. ஐம்பதாவது துண்டில் எழுத்து அச்சடித்ததுபோல விழுந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மதியத்தில், அண்ணன் மகள் காலி அட்டைப்பெட்டியோடு வந்தாள். முதல் துண்டைப் பார்த்ததும், "அத்தை! என்னா அழகு!" என்று கூவினாள். பட்டையைத் தடவிக்கொண்டே திருப்பினாள். படித்தாள். அடுத்ததைத் திருப்பினாள். அதற்கடுத்ததையும்.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"இதைக் குடுத்தா என் கல்யாணத்துல எல்லாரும் இதையேதான் பேசுவாங்க."

"பேசட்டும்."

"நான் உங்களுக்கு என்ன பண்ணேன் அத்தை?"

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ ஒண்ணும் பண்ணல. அதான் முன்பக்கத்துல உனக்காக வரைஞ்சேன். பின்பக்கம் என்னோடது."

அண்ணன் மகள் துண்டைக் கீழே வைத்தாள். "ஆனா அப்பா உங்ககிட்ட கேட்டதா சொன்னாரே. நீங்கதான் தாராளமா வெட்டச் சொன்னீங்கன்னு..."

"நானா?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. பெட்டியை அப்படியே போட்டுவிட்டுத் தடதடவென்று இறங்கினாள். கீழிருந்து அவள் குரல் கேட்டது. "பொய் சொன்னீங்களாப்பா? என் கல்யாணத்தை வெச்சா பொய் சொன்னீங்க?" அண்ணி ஏதோ சமாதானம் சொன்னாள். கதவு ஒன்று படாரென்று சாத்தப்பட்டது.

பிறகு அண்ணன் ஏறி வந்தான். அறைக்குள் வந்து நின்ற கொஞ்ச நேரத்திலேயே சட்டை முதுகில் ஒட்டியது.

"சந்தி சிரிக்க வைக்கணும்னே பண்ணியிருக்கே."

"ஆமா."

"மரம்தானே? வேற ஒண்ணு வெச்சுக்கலாம்."

"மரத்தை விடு. ஏன் கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே. அதான் கேக்கல."

"அப்போ தெரிஞ்சேதான் பண்ணியிருக்கே! மறந்துட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். கட்டினவன்கிட்ட இருக்க முடியாம வந்தவதானே, இவளை என்ன கேக்கிறதுன்னு பதினோரு வருஷமா நெனச்சிருக்கே."

அண்ணன் துண்டுகளைப் பார்த்தான். "பாப்பாவுக்காகவாவது இதை அழிச்சுக் குடு."

"அக்ரிலிக் காஞ்சா அழியாது. மேல வேற வண்ணம்தான் அடிக்கணும்." ஒரு தட்டில் பழுப்பு வண்ணத்தைப் பிழிந்து, பிரஷ்ஷை அவன் கையில் திணித்தாள். "உக்காந்து அடி."

"நானா?"

"வெட்டினது யாரு?"

அவன் தரையில் உட்கார்ந்தான். ஜன்னல் வெயில் நேராக முதுகில் அடித்தது. தட்டில் வண்ணம் தோல் கட்டியது; பிரஷ் விறைத்தது. அவள் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் தள்ளிவைத்தாள். ஒவ்வொரு துண்டாக எடுத்து, வேறு வழியில்லாமல் படித்து, படித்த பிறகு பூசினான்.

"எழுத்து தெரியுது. இன்னொரு பூச்சு குடு," என்றாள்.

நாற்பதைத் தாண்டியபோது அவன் தலையைத் தூக்காமலேயே கேட்டான்: "இவ்வளவு கோவமா உனக்கு?"

"இன்னும் பதினெட்டு இருக்கு. அடி."

கல்யாணம் நடந்தது. துண்டுகளை வாங்கியவர்கள் எல்லாம் சிட்டைப் பாராட்டினார்கள். அண்ணன் மகள் புறப்படும்போது அவளைக் கட்டிக்கொண்டு, "அப்பாவைச் சும்மா விட்றாதீங்க அத்தை," என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் மாடிக்கு வந்தான். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"மரம் இருந்த எடத்துல காருக்கு ஒரு தகரக் கொட்டகை போடலாம்னு இருக்கேன். போடட்டுமா?"

அவள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தாள். யோசிக்கவே இல்லை.

"வேணாம்."

அவன் முகம் சிவந்தது. "அதான் வந்து கேக்கறேனே!"

"கேட்டே. நான் வேணாம்னு சொல்லிட்டேன்."

விறுவிறுவென்று இறங்கிப் போனான். அவள் கதவைச் சாத்திவிட்டு மேசையைக் கிழக்கு அறைக்கு இழுத்தாள். அங்கே வெளிச்சம் போதாது. இழுக்கும்போதெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டேதான் இழுத்தாள்.

தகரம் வரவில்லை. அண்ணனின் கார் இன்றைக்கும் வெயிலில்தான் நிற்கிறது.