சிமெண்ட்டுச் சட்டை

மூன்று நாளாக விடாத மழை. வடக்குச் சுவர் பிள்ளைத்தாய்ச்சி வயிறு போலத் தள்ளிக்கொண்டு நின்றது. அதை ஒட்டிய கட்டிலில் அல்மாமி படுத்திருந்தார். போன வருஷம் பக்கவாதத்தில் வலதுபக்கமும் பேச்சும் போய்விட்டன. தூக்க வந்தவர்களை எல்லாம் இடதுகையால் அடித்து விரட்டினார். இந்த வீடு போனால் அவருக்கும் மனைவி ஹவோயேவுக்கும் தலைசாய்க்க வேறு இடம் கிடையாது.

மண்வீடுகளின் ஊரான ஜென்னேயில் ஒரு வீட்டுக்கு ஒரு கொத்தனார் குடும்பம்தான். அவர்கள் விட்டுக்கொடுக்காமல் ஊரில் வேறெவனும் அந்தச் சுவரில் கை வைக்கமாட்டான். ஹவோயே விடிந்ததிலிருந்து நான்கு கொத்தனார்கள் காலில் விழுந்துவிட்டாள். நாலு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "அது லாசினே வீடும்மா."

அந்த லாசினேயைத்தான் அல்மாமி விரட்டியிருந்தார். கடல் கடந்து மார்சேயில் இருபது வருஷம் உழைத்துத் திரும்பிய துரைக்கு மண்சுவர் கேவலமாகப் பட்டது. வெளியூர் ஆளைப் பிடித்து வந்து சிமெண்ட் பூசினார். மண் மூச்சுவிட வேண்டும் என்று சொன்ன லாசினேயை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டினார். இப்போது ஹவோயே அந்த லாசினேயிடமே போய் நின்றாள்.

"அண்ணே, மன்னிச்சிரு. ஒருக்கா வந்து பாரு."

"எங்கப்பன் கட்டுன வீட்டுக்குக் கோட்டு மாட்டுனானே, அந்த தொரை வாயத் தொறந்து கூப்பிடட்டும். வாரேன்."

"தண்ணி கேக்கக்கூட அவருக்கு வாய் வரலியே அண்ணே! நீ ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்தியா?"

லாசினே கடப்பாரையை எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் அல்மாமி வீட்டு வாசலைத் தாண்டவில்லை. "அல்மாமி, என்னக் கூப்பிடுறியா?" என்றார். அல்மாமி வெகுநேரம் பார்த்தார். பிறகு இடதுகையை நீட்டினார். அருகில் போன லாசினேயின் கையைப் பற்றிச் சுவரில் வைத்து அழுத்தினார். ஹவோயேவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

லாசினே சிமெண்ட்டை ஓரிடத்தில் மெல்லப் பெயர்த்தார். உள்ளிருந்து மண் கம்பங்கூழாக வழிந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று.

"தங்கச்சி, உள்ள சுவரே இல்ல. தூக்கு இவன!"

இந்தமுறை அல்மாமி அடிக்கவில்லை. இருவரும் அவரைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் வீடு மாடியோடு இடிந்து இறங்கியது. சிமெண்ட் மட்டும் உடையாமல் ஒரே பலகையாகக் கவிழ்ந்து கட்டிலை மூடியது.

ஹவோயே மழையில் நின்று லாசினேயின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கூப்பிட்டாரே அண்ணே... அவருதான் கூப்பிட்டாரே! பெறகும் வீடு நிக்கலியே!"